நவீன மெய்யியலிலிருந்து விலகுகிறேன், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் ‘நலம் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி வருகிறது. ஆறு மாதமாக எனக்கு இதுதான் வியாதி. ஆகவே எங்கள் நலத்தை நீங்களே உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை.

இதை வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் மருந்துக்கடைக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்கு வந்தால் அக்கா பிரிப்பார்கள். அக்கா பிரித்தால் அன்று மாலையே உங்கள் தங்கைக்குப் போன் வந்துவிடும். விஷயம் இதுதான்: நான் படிப்பை விட்டுவிடப் போகிறேன். விலகல் படிவம் வாங்கிவிட்டேன், சட்டைப் பையில் இருக்கிறது. இது உங்கள் தங்கைக்குத் தெரியாது. நான் ஏதோ வகுப்பில் முதல் ஆளாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஒரு நடை நேரில் வந்து, பக்குவமாக, சாப்பாடு ஆன பிறகு அவளிடம் சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம்.

எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கே தெரியும், தொடங்கி வைத்தவரே நீங்கள்தான். ஐம்பத்தோரு வயதில், இருபத்து நாலு வருடமாக விசில் ஊதி விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்து, ‘உங்களிடம் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இல்லை, இந்த வருடத்துக்குள் வாங்காவிட்டால் மைதானத்தில் உங்களுக்கு வேலை இல்லை, சாமான் அறைக்குப் பொறுப்பாளராகப் போய்விடுங்கள்’ என்று தலைமை ஆசிரியர் கடிதம் கொடுத்தார். சாமான் அறையை நீங்கள் பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது. கால் உடைந்த மேசைகளும் காற்றுப் போன பந்துகளும் ஒரு பக்கம் சாய்ந்த உலக உருண்டையும் இருக்கும். ஓய்வு பெறும்வரை அவற்றோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே பிள்ளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதற்குப் பயந்துதான் மாலை வகுப்பில் சேர ஒப்புக்கொண்டேன். விண்ணப்பத்தை நீங்கள்தான் பூர்த்தி செய்தீர்கள். ஊரில் யாருக்கு விண்ணப்பம் என்றாலும் பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்களே! விருப்பப் பாடம் என்ற இடத்தில் ‘பள்ளிச் சுகாதாரம்’ என்று ஒன்று இருந்தது மச்சான். இப்போதும் அது என் கனவில் வருகிறது. அதை விட்டுவிட்டு ‘வருங்கால ஆசிரியர்களுக்கான நவீன மெய்யியல் வரலாறு’ என்ற கட்டத்தில் டிக் அடித்து, “வரலாறுதானே மாப்பிள்ளை, நாலு தேதியை மனப்பாடம் பண்ணினாப் போச்சு” என்றீர்கள். ஆறு மாதம் படித்துவிட்டேன். ஒரு தேதி கூட இதுவரை கேட்கவில்லை. இருபத்து நாலு வருடம் வேலை பார்த்த பிறகு நான் வருங்கால ஆசிரியன் என்பதையாவது சிரித்துக்கொண்டு தாங்கினேன்.

அந்த மெய்யியலாளர்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. வாயில் நுழையவில்லை. ஆட்டக்காரர்களுக்கு வைப்பதுபோல நானே பட்டப்பெயர் வைத்துக்கொண்டேன். முதலாமவர் சந்தேகம். இருக்கிறது என்று நினைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் சந்தேகப்படுகிற நான் ஒருவன் இருக்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டவர். இரண்டாமவர் பலகை. பிறக்கும்போது மனம் எழுதாத பலகை, அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்பார். மூன்றாமவர் பந்து. அவரால்தான் எனக்குப் பாதிப் பிரச்சினை. நான்காமவர் கடிகாரம். தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போவாராம், தெருவில் உள்ளவர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். கடமையைக் கடமைக்காகவே செய்யவேண்டும் என்றவர். உண்மையைச் சொன்னால் அவரை எனக்குப் பிடித்திருந்தது. நல்ல டிரில் வாத்தியாராக வந்திருப்பார். ஆனால் அவர் எழுதிய வாக்கியம் ஒன்றின் தொடக்கத்தில் பஸ் ஏறினேன், இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போன பிறகும் வினைச்சொல் வரவில்லை.

பந்து விவகாரத்தைக் கேளுங்கள். ஒரு பந்து இன்னொரு பந்தில் மோதினால் அது நகர்ந்தே தீரும் என்று நம்மால் நிரூபிக்க முடியாதாம். இதுவரை நகர்ந்தது, அதனால் இனியும் நகரும் என்று நினைப்பது வெறும் பழக்கமாம். யாரிடம் வந்து சொல்கிறார்கள் பாருங்கள்! நான் எழுந்து நின்றேன். “அம்மா, நகரும். நான் கியாரண்டி” என்றேன். விரிவுரையாளர் அம்மாவுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. குரலை உயர்த்தவே மாட்டார்.

“எப்படி சார் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

“மைதானத்துக்கு வாங்கம்மா, காட்டறேன்.”

“அது இன்னிக்கு. நாளைக்கு?”

“நாளைக்கும் வாங்க.”

வகுப்பே சிரித்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறவர்கள், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வாசலில் இரண்டு பந்தை வைத்து, ஒன்றை ஓங்கி எறிந்தேன். மற்றது நன்றாகவே நகர்ந்தது. நகர்ந்து, சுவரில் பட்டு எகிறி, எதிர்வீட்டுக்காரரின் கண்ணாடி ஜன்னலுக்குள் போய்விட்டது. அவர் வெளியே வந்து “யார் காரணம்?” என்று கத்தினார். காரணம் என்று ஒன்று உண்டா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முதல் பேச்சுவார்த்தை இல்லை.

இது போதாதென்று ஒரு வீட்டுப்பாடம். ஒரு வாரம் வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றையும் ‘ஏன்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். உங்கள் தங்கையின் குணம் உங்களுக்குத் தெரியும், அவளிடம் போய் ஏன் என்று கேட்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். ஜன்னலுக்குத் திரை ஏன் என்று கேட்டேன். “எதிர்வீட்டு மனுஷன் சட்டை இல்லாம உலாத்தறார், அதான்” என்றாள். எழுதிக்கொண்டேன். இந்த டீ உண்மையிலேயே இருக்கிறதா, இருப்பதுபோலத் தோன்றுகிறதா என்று கேட்டேன். “தோணுதுன்னா குடுங்க, ஊத்திடறேன்” என்று டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நீ இருக்கிறாய் என்பதற்கு என்னிடம் நேரடி ஆதாரம் இல்லை தெரியுமா என்று மூன்றாம் நாள் ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டு வேளை ஆதாரமே இல்லாமல் போயிற்று மச்சான், பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கித் தின்றேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னை முறித்துப்போட்டது பயிற்சிப் பாடம்தான். படித்த மெய்யியலை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு பாடமாக எடுத்துக் காட்டவேண்டும், விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அதில் தேறினால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் மைதானம். அதற்கு முதலில் பாடத்திட்டக் குறிப்பேடு எழுதவேண்டும். கோடு போட்டுக் கட்டம் கட்டமாக: ஆசிரியர் செயல், மாணவர் செயல், எதிர்பார்க்கும் விடை. நோக்கம் என்ற கட்டத்தில் அளந்து சொல்லக்கூடியதாக ஏதாவது எழுதவேண்டும் என்பது விதி. நான் ‘பாட முடிவில் மாணவர்களில் எண்பது விழுக்காட்டினர் சந்தேகப்படுவர்’ என்று எழுதினேன். மீதி இருபது விழுக்காடு என்ன ஆவார்கள் என்று அந்த அம்மா சிவப்பு மையில் கேட்டிருந்தார். ‘அவர்களுக்கு மாலையில் தனியாகக் குறைதீர் கற்பித்தல் நடத்திச் சந்தேகம் ஊட்டப்படும்’ என்று எழுதினேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி மட்டும் போட்டிருந்தார்.

துணைக்கருவி இல்லாமல் பாடம் எடுத்தால் ஐந்து மதிப்பெண் போய்விடும். சந்தேகத்துக்கு என்ன துணைக்கருவி செய்வது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலைப் போட்டால் வளைந்து தெரியுமே, கண் ஏமாற்றும் என்று காட்ட அதைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு நான் செய்ததை இந்த உலகத்தில் ஒரு டிரில் வாத்தியாரைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்பை எட்டு நாள் மைதானத்தில் நிற்கவைத்து மெய்யியலை டிரில்லாகப் பழக்கினேன். ஏழு கேள்வி, ஏழு பதில், ஏழு பிள்ளைகள். ஒன்றாம் ஆள் ஒன்றாம் பதில், இரண்டாம் ஆள் இரண்டாம் பதில். முதலில் விசிலோடு, பிறகு விசில் இல்லாமல். “வரிசை மாறவே கூடாது. நடுவுல இடியே விழுந்தாலும் அடுத்த ஆள் எழுந்து அடுத்த பதிலைச் சொல்லணும்” என்று கண்டித்துச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அதுதான் எனக்கு வினையாக வந்தது.

வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளை. அந்த அம்மா வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிறகு மிஞ்சுவது என்ன என்று முதல் கேள்வியைக் கேட்டேன். ஒன்றாம் ஆள் விறைப்பாக எழுந்து, “சந்தேகப்படுகிற நான், ஐயா!” என்றான். எனக்கே உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது கேள்விக்காக டம்ளரை உயரத் தூக்கினேன். கை வியர்த்திருந்தது. நழுவிவிட்டது. தண்ணீர் மொத்தமும் குறிப்பேட்டில். இரண்டாம் கேள்வி கண் முன்னாலேயே நீலமாகக் கரைந்து ஓடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று மூன்றாம் கேள்விக்குத் தாவினேன்.

“பிறக்கும்போது குழந்தையின் மனம் எப்படி இருக்கிறது?”

இரண்டாம் ஆள் எழுந்தாள். “கண் ஏமாற்றும், ஐயா!”

நான் முகத்தைச் சுளித்து, தலையை ஆட்டி, கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் இன்னும் உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சரி, அடுத்ததில் சரியாகிவிடும் என்று, அந்த மனத்தில் எழுதுவது எது என்று கேட்டேன். “எழுதாத பலகை, ஐயா!” ஒரு பந்து மோதினால் இன்னொரு பந்து நகர்ந்தே தீரும் என்று சொல்வது எதனால் என்றேன். “அனுபவம், ஐயா!” அது கொஞ்சம் பொருந்திவிட்டது, எனக்கு உயிர் வந்தது. அந்தத் தைரியத்தில், “நம் கடமையை நாம் ஏன் செய்யவேண்டும்?” என்றேன். ஐந்தாம் ஆள் நெஞ்சை நிமிர்த்தி நின்று, “இதுவரை நடந்தது, ஐயா. நாளைக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது!” என்றான்.

பின்வரிசையில் அந்த அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். இருமல் என்று நினைத்தேன். எழுந்து அவரே ஒரு கேள்வி கேட்டார்: “சரி, உங்க சார் ஏன் இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்?” ஆறாம் ஆள் இருக்கையை விட்டு எழுந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “கடமைக்காக மட்டுமே, ஐயா!”

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனார்கள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த அம்மா பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் உட்கார்ந்து, நனைந்த குறிப்பேட்டை விரித்துக் காயவிட்டுக்கொண்டே, “சார், என்னை உங்களுக்கு ஞாபகமே இல்லை, இல்ல?” என்றார்.

இல்லை மச்சான். எத்தனை ஆயிரம் பிள்ளைகள்!

“ஆறாம் வகுப்பு இங்கேதான் படிச்சேன். ஒரே வருஷம். அப்புறம் அப்பாவுக்கு மாற்றல் வந்துடுச்சு. நீங்க எங்களை உயரப்படி வரிசையில நிக்க வைப்பீங்க. நான் குட்டை. எப்பவும் முதல்ல நிப்பேன். ‘உயரப்படி ஏன் சார் நிக்கணும்’னு ஒருநாள் கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“நாலு சுத்து ஓடச் சொன்னீங்க. ஓடினேன். வந்து திரும்பக் கேட்டேன். இன்னும் நாலு. எட்டாவது சுத்துல எனக்கே ஒரு பதில் தோணிச்சு சார். அது சரியான்னு உங்ககிட்ட கேக்கலாம்னுதான் ஓடி வந்தேன். நீங்க விசில் ஊதிட்டீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பதில் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை. அடுத்த வகுப்புக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். யாரும் வந்திருக்கவில்லை.

களைத்துப்போய்விட்டேன் மச்சான். மைதானத்தில் ஓடி வந்த களைப்பு இப்படி இருக்காது. இருபத்து நாலு வருடத்தில் ஏன் என்று கேட்ட பிள்ளைகளை எண்ணிப்பார்க்க உட்கார்ந்தேன். முகங்கள் வரவில்லை, ஓடுகிற முதுகுகள்தான் வருகின்றன. வருங்கால ஆசிரியன் ஆவதற்கு எனக்குத் தகுதி இல்லை என்பது இந்தப் படிப்பினால் எனக்கு நிரூபணமான ஒரே விஷயம். இனி அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? சாமான் அறையே போதும். அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்துவிடுவேன். நீங்கள் வருகிற அன்று உங்கள் தங்கையிடம், அவள் கணவன் முயற்சி செய்தான், மூளைதான் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் ஏதாவது ஏன் என்று கேட்டால் தயவு செய்து பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அக்காவிடமாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் டிக் அடித்த பேனாவுக்கும் கட்டுப்பட்ட
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான். மேலே உள்ளதைப் படித்துப் பதறிப்போய் பஸ் ஏறிவிடாதே. அதெல்லாம் சனிக்கிழமை எழுதியது. இன்றைக்குப் புதன்.

ஒட்டிய உறையை என்னிடம் நீட்டி, “உங்க அண்ணன் கடை விலாசத்தை எழுது, உள்ளே பார்க்காதே” என்றார். இத்தனை வருடமாக உனக்கு விலாசம் எழுதுவது நான்தான், இவருக்குத் தெரு எண்கூடத் தெரியாது. உள்ளே பார்க்காதே என்று வேறு சொன்னால் நான் என்ன செய்வேன்? ஆனால் புதிதாக எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நம்ம தெருதான், பாடம் முடிந்த அன்று மாலையே எனக்கு நடித்துக் காட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். டீயை நான் ஊற்றவில்லை, நானே குடித்தேன். மற்றபடி எல்லாம் உண்மை.

திங்கட்கிழமை படிவத்தைக் கொண்டுபோனார். அதில் விலகுவதற்கான காரணம் என்று ஒரு கோடு இருக்கிறது. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். ஏன்னு சரியா எழுதிக் கொண்டாங்க” என்றாராம். இவர், “அது ஒரு வரியில அடங்காதும்மா” என்றாராம். “கூடுதல் தாள் வெச்சுக்குங்க” என்றாராம் அந்த அம்மா. அவ்வளவுதான் அண்ணா. இரண்டு நாளாக மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கு லீவு. பதினேழு பக்கம் ஆயிற்று. சந்தேகம், பலகை, பந்து, கடிகாரம் எல்லாரும் அதில் வருகிறார்கள். விலக எழுதுகிறேன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் அந்த அம்மாவுக்கு நான் போன் போட்டேன். இருபது பக்கம் தாண்டினால் அதையே இந்தப் பருவத்துக் கட்டுரையாக எடுத்துக்கொள்வாராம், பயிற்சிப் பாடத்தை அடுத்த மாதம் திரும்ப எடுக்கலாமாம். இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

குளிக்கப் போனபோது முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ‘விலகுவதற்கான காரணம்: உயரப்படி ஏன் நிற்கவேண்டும் என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஓடச் சொன்னேன்’ என்று தொடங்கியிருக்கிறார். அதை நான் இரண்டு தடவை படித்தேன் அண்ணா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெரியாது என்ற வார்த்தையை இவர் எழுதியோ சொல்லியோ நான் பார்த்ததில்லை.

தாள் தீர்ந்துவிட்டதாம், கூப்பிடுகிறார். இந்தப் பக்கத்தில் கீழே பாதி வெறுமையாகத்தான் இருக்கிறது, கிழித்துக் கொடுத்துவிடுகிறேன்.